வெறுங்கையோடு போன ஊர்

மேய்ச்சல் மலைக்குப் போனவர்கள் நாங்கள் மூன்று பேர்: அக்கா, அத்தான், நான். போகாதவர்கள் என்று பார்த்தால் முதலில் அக்காவின் மகள் தாரணி. அந்த வீட்டில் பிரெஞ்சைப் பிரெஞ்சுக்காரர் மாதிரியே பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவளோ பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவோடு லொசானுக்குப் போய்விட்டாள். அடுத்தது அத்தானின் கூட்டாளிகள் இரண்டு பேர். லா ஷோ-து-ஃபோன் நகரத்தில் இருக்கிறார்கள், கார் வைத்திருக்கிறார்கள், வருகிறோம் என்றும் சொல்லியிருந்தார்கள். போவதற்கு முதல்நாள் போன் எடுத்து, "உனக்கென்ன விசரோ? காசைக் கட்டிப்போட்டுப் படு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அந்தக் காசைக் கட்டிப்போட்டதுதான் பிரச்சினையே.

நான் கிளிநொச்சிக்கு அங்காலே ஒரு குடியேற்றக் கிராமத்துப் பிள்ளை. நில அளவைத் திணைக்களத்தில் வேலை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் எடுக்கிற முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, அக்கா இடம்பெயர்வுக்குள் எட்டாம் வகுப்போடு நின்றுபோனாள். வரைபடங்களைக் கணினியில் ஏற்றுவது பற்றிச் சுவிஸில் பேர்ன் நகரில் ஒரு பயிற்சி, என்னை அனுப்பினார்கள். நடுவில் வந்த சனி, ஞாயிறை அக்கா வீட்டில் கழிக்கலாம் என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் ரயில் ஏறினேன்.

அக்கா இருக்கிற இடத்தின் பெயர் செர்னோ-லா-கோம்ப். ஊரென்று சொன்னால் ஒரு தேவாலயம், ஒரு பாற்கட்டிக் கடை, இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகள், மிச்சமெல்லாம் புல். கடைசித் துண்டுப் பயணம் ஒரு சின்னச் சிவப்பு ரயிலில். எங்கள் யாழ்தேவியில் இறங்க வேண்டுமென்றால் எழும்பி வாசலில் நின்றால் போதும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நல்ல பிள்ளையாக நின்றேன். ரயில் செர்னோ என்ற பலகையைக் கடந்து அதன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருந்த பெண்பிள்ளை காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, சுவரில் இருந்த பொத்தானைக் காட்டினாள். இறங்கப் போகிறேன் என்று அதை அழுத்திச் சொன்னால்தான் ரயில் நிற்குமாம்.

அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். தார் றோட்டால் போனால் சுற்று; புல்வெளிக்குள்ளால் ஒரு பாதை நேராகப் போனது. ஒரு மரப் படலையைத் திறந்து உள்ளே போனால், கட்டாமல் விட்ட குதிரைகள். மண்ணிறம், கொழுத்த பின்பக்கம், கழுத்தில் மணி. நம் ஊர்க் கட்டாக்காலி மாடுகளைப் போல என்னைப் பார்த்துவிட்டு, பிரயோசனமில்லாத ஆள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. எனக்குக் குதிரையைவிடச் சுவர்தான் பெரிதாகத் தெரிந்தது. இடுப்பளவு உயரத்தில், சீமெந்து இல்லை, சுண்ணாம்பில்லை, வெறும் கல்லைக் கல்லின்மேல் வைத்துக் கட்டிய மதில். மேடு ஏறினால் ஏறுகிறது, பள்ளம் இறங்கினால் இறங்குகிறது, கண்ணுக்கு எட்டின தூரம் ஓடுகிறது. எல்லைக் கல்லைத் தேடிப் பற்றைக்குள் தவழ்கிற எனக்கு இது கோயில் மாதிரி இருந்தது. நின்று கையால் தடவிப் பார்த்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். உழவு இயந்திரத்தில் ஒரு மனிதர், நரைத்த மீசை, என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் கத்துகிறார். பாஷை தெரியாவிட்டாலும் ஏச்சு ஏச்சுத்தான். அவர் காட்டிய பக்கம் திரும்பினேன். நான் திறந்த படலை திறந்தபடியே கிடந்தது. ஒரு குதிரை அதற்கு நேரே ஆறுதலாக நடந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சாத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ஐயோ தம்பி, அது ஜெராலாக்கும்" என்றாள் அக்கா, வீட்டில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு. "மீசை வைச்ச ஆளெண்டால் அவர்தான். வந்து இறங்கின உடனேயே அவரிட்டையே ஏச்சு வாங்கிப்போட்டு வந்திருக்கிறாய்!"

அத்தான் கதிரையில் இருந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். "முடிஞ்சுது. இனி எனக்குப் பாஸ்போட் இல்லை."

அத்தானின் கதையை இங்கே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். கைக்கடிகாரத்தின் சின்னச் சின்ன உறுப்புகளை மினுக்குகிற தொழிற்சாலையில் வேலை. அவரிடம் இருக்கிற அகதிப் பயணப் பத்திரத்தோடு எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. தாய் கோப்பாயில் இருக்கிறா. தாரணி பிறந்ததையும் வளர்ந்ததையும் அந்த மனுசி போனில்தான் பார்த்தவ. இப்போது போனிலும் இன்னார் என்று ஆளை மட்டுக்கட்டப் பிந்துகிறது. சுவிஸ் குடியுரிமை கிடைத்தால் அடுத்த விமானத்திலேயே போய் இறங்கலாம். அதற்கு ஊர்ச் சபையின் குழு ஒன்று ஓம் என்று சொல்லவேண்டும். குழுவில் ஐந்து பேர். அதில் ஒருவர் ஜெரால்.

வசந்த காலத்தில் அந்தக் குழு அத்தானைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அதை அக்கா சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

"சேட்டை அயன் பண்ணி, ரை கட்டி, மாப்பிளை மாதிரிப் போனவர். ஊர்ச் சரித்திரம் எல்லாம் பாடமாக்கி வைச்சிருந்தவர், தாரணிதான் கேட்டுக் கேட்டுச் சொல்லுவிச்சவள். சபையிலை டக்கு டக்கெண்டு மறுமொழி. இஞ்சாருங்கோ, தம்பிக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோவன்."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் பிரெஞ்சில் ஒப்புவித்தார், பிறகு தமிழில். இந்த மலை முழுவதும் ஒரு காலத்தில் காடு. பாசல் நகரத்து ஆயர் ஒருவருக்குச் சொந்தம். கடுங்குளிர், மண்ணும் கல்லு மண், ஒருவரும் ஏறி வரவில்லை. அப்போது ஆயர் ஒரு வாக்குக் கொடுத்தார்: வந்து காடு வெட்டிக் குடியிருக்கிறவனிடம் வரி வாங்கமாட்டேன். அதனால் இந்தப் பகுதிக்கே வரி நீங்கிய மலைகள் என்று பெயர். வந்தவர்கள் மரத்தைத் தறிக்கவில்லை. பட்டையைச் சுற்றிவர வளையமாக உரித்துவிட்டார்கள். மரம் நின்ற நிலையிலேயே காய்ந்தது. அப்படிக் காயவைத்து எடுத்த வெளிக்குப் பெயர்தான் செர்னோ. மண்ணிலிருந்து பொறுக்கின கல்லை ஓரத்தில் அடுக்கினார்கள். அதுதான் மதில்.

அப்பாவும் அம்மாவும் காடு வெட்டித்தான் எங்கள் காணிக்கு வந்தார்கள். குறித்த காலத்துக்குள் வெட்டித் திருத்தாவிட்டால் பேர்மிட் ரத்து என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வரி இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

"பிறகு?" என்றேன்.

"பிறகு ஜெரால் கேட்டவர், ஆயர் ஏன் வரி வாங்கேல்லை எண்டு. இவர் சொல்லுறார், அந்தச் சனம் தங்கட கையாலை வேலை செய்தபடியால் எண்டு. அப்ப அவர் கேட்டார், 'அப்ப நீங்கள் ஏன் ஒருநாளும் கோர்வேக்கு வாறேல்லை?'"

கோர்வே என்றால் வருடத்தில் ஒரு சனிக்கிழமை ஊரிலுள்ள எல்லா வீடும் பொது மேய்ச்சல் நிலத்துக்குப் போய்ச் செய்கிற வேலை. மதில் விழுந்த இடத்தைக் கட்டுவது, முள்ளுச் செடி பிடுங்குவது. நம்மூர்ச் சிரமதானம் மாதிரி. அத்தான் நாட்காட்டியில் அந்தத் தேதியில் தமிழில் "கோர்வை" என்று எழுதி வைத்திருந்தார். மணியைக் கோர்ப்பது போல மனிதரைக் கோர்க்கிற நாள் என்று எனக்குப் பட்டது. அவருக்கு அது காசு கட்டவேண்டிய நாள். வரமுடியாத வீடு ஒரு தொகையைக் கட்டலாம் என்று விதி.

"என்ன சொன்னீங்கள் அத்தான்?"

"உண்மையைத்தான் சொன்னனான். நான் ஒரு வருசமும் பிந்தினதில்லை, கடுதாசி வந்த கிழமையே கட்டிப்போடுவன் எண்டு."

"நெஞ்சை நிமித்திக்கொண்டு!" என்றாள் அக்கா.

"நல்லூர்க் கோயிலிலை உபயக் காசு பிந்திக் கட்டினாலே மரியாதையில்லை. நான் முந்திக் கட்டினனான். இதிலை என்ன பிழை?"

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். இலையுதிர் காலத்தில் மறுபடி சந்திப்போம் என்றார்களாம். தன் பிரெஞ்சு போதவில்லை என்று நினைத்து அத்தான் கோடை முழுவதும் மாலை வகுப்புக்குப் போயிருக்கிறார். போன கிழமைதான் பக்கத்து வீட்டு ஜோசியான் வேலியில் நின்று அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள்: "பிரெஞ்சு நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் ஊரிடமிருந்து தன்னை விலைகொடுத்து வாங்கிக்கொள்கிற ஆள் என்று அவர்கள் நினைக்கிறார்கள்."

மாரிக்கு முதல் எங்கள் குளத்து வாய்க்காலைத் துப்புரவாக்கப் போகும்போது, ஆள் வராமல் காசு மட்டும் அனுப்புகிற கடை முதலாளி ஒருவர் இருக்கிறார். அவரை அப்பா எந்தப் பார்வை பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஜெராலும் அப்பாவும் ஒரே ஆள்.

மறுநாள்தான் அந்த வருடத்துக் கோர்வே. இந்தமுறை ஆளாகவே போவதென்று அந்தக் கிழமையே முடிவாகியிருந்தது. அதற்குள் அத்தான் அடுத்த பிழைக்கு ஆயத்தமானார். "எண்பது ரோல்ஸ் போடு" என்றார் அக்காவிடம். "இல்லை, நூறு. உறைப்பைக் குறை. ஒரு பெட்டி வைனும் வாங்குவம்."

அக்கா உருளைக்கிழங்கு அவிக்க வைத்த நேரம் ஜோசியான் முட்டை கொண்டு வந்தாள். ஐம்பது வயது இருக்கும், கட்டைத் தலைமுடி, சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள்ளேயே வந்துவிடுகிற உரிமை. சட்டியைப் பார்த்தாள்.

"இது என்ன, கலியாணமா?"

அக்கா விளக்கினாள். ஜோசியான் அடுப்பை அவளே நிறுத்தினாள். அவள் சொன்னதை அக்கா எனக்குத் தமிழாக்கினாள்: "மறுபடியும் காசோ? ஒன்றும் கொண்டுவர வேண்டாம். சூப் நாங்கள் காய்ச்சுகிறோம். கையை மட்டும் கொண்டு வாருங்கள்."

அத்தானுக்கு அது தாங்கமுடியவில்லை. "வெறுங்கையோடையோ? முதல்முதல் போற இடத்துக்கு வெறுங்கையோடை போறதோ?"

அக்கா இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொன்னாளோ தெரியாது. ஜோசியான் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதைத்தானே கேட்கிறோம்! வெறும் கை!" என்று தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பால் கறந்து காய்த்துப்போன கை.

அன்றிரவு அவித்த உருளைக்கிழங்கைப் பிரட்டலாக்கிப் பாணோடு சாப்பிட்டோம்.

சனிக்கிழமை காலை பனிப்புகார். ஜோசியானின் வண்டியில் பின்னால் கடப்பாரைகளோடு நாங்களும் இருந்தோம். அத்தான் மூன்று சோடி கையுறை போட்டிருந்தார், ஒன்றின்மேல் ஒன்று. "இந்த விரல்தான் சோறு போடுது" என்றார் என்னிடம் இரகசியமாக. மினுக்குகிற வேலைக்கு விரல் நுனி முக்கியம். ஒரு நகம் போனாலும் ஒரு மாதம் கஷ்டம். இத்தனை வருடமும் அவர் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அப்போதுதான் விளங்கியது. குழுவிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சாட்டுப் போல இருக்கும் என்று சொல்லவில்லையாம்.

மேலே முப்பது பேரளவில் நின்றார்கள். எல்லாருக்கும் எல்லாரும் கன்னத்தில் மூன்று முத்தம். அத்தான் முதல் முத்தத்திற்கு ஒரு கன்னத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டாவதற்கு அதே கன்னத்தையே கொடுத்து, ஒரு கிழவரின் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டார். ஜெரால் என்னை உடனே மட்டுக்கட்டினார். "படலை வந்திட்டான்!" என்று கத்தினார். அன்று முழுவதும் என் பெயர் படலை. "படலை, தண்ணீர் கொண்டு வா." "படலை, வண்டியைத் தள்ளு." யாராவது உள்ளே வந்தால், "படலை, சாத்து!"

அத்தானைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார் ஜெரால். அத்தானின் பெயர் ரவீந்திரன். அவர்கள் வாயில் அது ராவி. ஜெரால் ஏதோ சொல்ல, அத்தானின் முகம் கறுத்தது. கல்லைத் தூக்குகிற சாக்கில் எங்களிடம் வந்தார்.

"நீ எண்டு சொல்லுறான்."

"ஆர்?"

"ஜெரால். சபையிலை நீங்கள் எண்டவன். இப்ப 'ராவி, நீ அந்தப் பெரிசைத் தா' எண்டுறான். தொழிற்சாலையிலை புதுசா வாற பெடியனுக்குத்தான் உப்பிடிச் சொல்லுவாங்கள்."

அக்கா ஜோசியானிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வரும்போதே சிரிப்பு. "கடைசிப் படலை தாண்டினால் மேலை ஒருத்தரும் ஒருத்தரை நீங்கள் எண்டு சொல்லுறேல்லையாம். சபைத் தலைவரையும் நீ தானாம். நீங்களும் அவரை நீ எண்டுதான் சொல்லவேணும்."

"என்னைவிட இருபது வயசு மூத்த மனுசன்!"

"அப்ப வாயை மூடிக்கொண்டு கல்லைத் தூக்குங்கோ."

அத்தான் கெட்டிக்காரர், ஜெராலிடம் நீயும் வராமல் நீங்களும் வராமல் வசனம் அமைத்து ஒப்பேற்றினார். "அந்தக் கல் வேண்டுமா?" "இங்கே வைக்கலாமா?" எழுவாயே இல்லாத பிரெஞ்சு.

நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். பையில் அளவை நூல் இருந்தது. இரண்டு குச்சி அடித்து, விழுந்த இடத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நூலை நேராக இழுத்துக் கட்டினேன். நம் பயிற்சி வீண்போகக் கூடாதே. ஜெரால் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் என்னைத் தோளில் பிடித்து மதிலின் முடிவுவரை கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி நிறுத்தினார். மதில் முழுவதுமே வளைந்து வளைந்துதான் வந்தது. நேராக இருந்தது என் நூல் மட்டும்தான். கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டேன்.

வேலை இப்படி: அடியில் பெரிய கல் இரண்டு வரிசை, நடுவில் பொடிக்கல், இடைக்கிடை இரண்டு வரிசையையும் பிடிக்கிற நீட்டுக் கல். ஒரு பொருத்தின் மேல் இன்னொரு பொருத்து வரக்கூடாது. அத்தான் ஒவ்வொரு கல்லையும் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ கடிகாரத்துக்குள் பூட்டப்போவது போல. மூன்று கையுறைக்குள்ளால் கல்லின் வாட்டம் தெரியவில்லை. அவர் கட்டிய துண்டு உயர உயர மெல்ல வயிறு தள்ளியது. எனக்குத் தெரிந்தது, சொல்லப் பயம். திடீரென்று பொலபொலவென்று முழுவதும் விழுந்தது. குதிரைகள் தலை நிமிர்த்தின.

அத்தான் அசையாமல் நின்றார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. கோப்பாய், தாய், விமானம் எல்லாம் அந்தக் கல்லோடு சரிந்த மாதிரி ஒரு நிற்பு.

முப்பது பேரும் கை தட்டினார்கள். "பிராவோ!" என்று ஒரு கூச்சல். நக்கலென்றுதான் நானும் நினைத்தேன். ஜோசியான் ஓடிவந்து அத்தானின் கையில் ஒரு வைன் போத்தலைத் திணித்தாள். முதல்முறை வருகிறவனின் மதில் விழவேண்டுமாம், விழுத்தினவன்தான் எல்லாருக்கும் ஊற்றவேண்டுமாம். ஜெராலின் முதல் மதில் ஒரு கன்றுக்குட்டியின் மேல் விழுந்ததாம். "கன்று பிழைத்தது" என்றார் ஜெரால். "அதற்குப் பிறகு என்னை நம்பவில்லை."

அத்தான் ஒவ்வொருவராகப் போய் ஊற்றினார். ஜெராலுக்கு ஊற்றும்போது, "நீ... இன்னும் கொஞ்சம்?" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பயத்தில் கிளாஸ் நிரம்பி வழிந்தது. ஜெரால் வழிந்ததை மீசையால் உறிஞ்சிவிட்டுக் கிளாஸைத் தூக்கிக் காட்டினார்.

திரும்பி வந்ததும் அத்தான் கையுறைகளைக் கழற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. மதிலின்மேல் வைத்துவிட்டு வெறுங்கையால் தொடங்கினார். நான் அவர் விரலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்கா பக்கத்தில் நின்று பொடிக்கல் நிரப்பினாள். இரண்டு பேரும் கல்லைப் பற்றி மட்டுமே கதைத்தார்கள். "இதை வையுங்கோ." "அது ஆடும்." "ஆடாது, இஞ்சாலை திருப்பிப் பாருங்கோ." வீடு கட்டுகிற புருஷன் பெண்சாதி போலத்தான் இருந்தது. இந்தமுறை மதில் நின்றது. ஒரு நகம் கறுத்தது. அதை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டு, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றார்.

மத்தியானம் பெரிய அண்டாவில் பட்டாணிச் சூப், அதற்குள் பன்றியிறைச்சி. அக்காவுக்குச் சனி விரதம். அவளுக்காக ஒரு கிழவர் பாற்கட்டியைப் பூப்பூவாகச் சீவிச் சீவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், அவளும் போதும் என்று சொல்லத் தெரியாதவள் போல வாங்கிக்கொண்டே இருந்தாள். நான் சூப்பும் காய்ந்த சொசேஜும் சாப்பிட்டேன். ஒரு வேர்ச் சாராயம் தந்தார்கள். நிலவேம்புக் கசாயத்துக்கு நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

கட்டின மதிலுக்கு முதுகைக் கொடுத்து எல்லாரும் புல்லில் இருந்தோம். ஜெரால் கத்தியால் பாண் வெட்டியபடி அத்தானிடம் கேட்டார், "ராவி, இந்த மதிலைக் கட்டினது யார்?"

அத்தான் உடனே நிமிர்ந்தார். பாடமாக்கின குரல் வந்தது. "இந்த மலைகளில் முதலில் குடியேறியவர்கள், காட்டை அழித்து..."

ஜெரால் கத்தியை ஆட்டி நிறுத்தினார். நுனியால் அத்தானின் முதுகுப் பக்கத்தைக் காட்டினார்.

அத்தான் திரும்பிப் பார்த்தார். "இந்தத் துண்டு... நான்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "நாங்கள்" என்று திருத்தினார்.

"விழுத்தினதும் நீதான்" என்றாள் ஜோசியான்.

சிரிப்பு அடங்கினபிறகு ஜெரால் சொன்னதை அக்கா எனக்குத் தமிழாக்கினாள்: "இலையுதிர் காலத்தில் கேட்க என்னிடம் கேள்வி இல்லை. மற்ற நாலு பேருக்காக நான் சொல்ல முடியாது. ஆனால் அதில் இரண்டு பேர் இப்போது நீ ஊற்றின வைனைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்."

அத்தான் கறுத்த நகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "இஞ்சத்தைப் பாஸ்போட்டிலை பிறந்த இடம் போடமாட்டாங்கள், தெரியுமோ? ஆளை ஏற்றுக்கொண்ட ஊரைத்தான் போடுவாங்கள்" என்றார்.

ஜோசியான் ஒரு பழைய பிஸ்கற் ரின்னோடு சுற்றிவந்தாள். சாப்பாட்டுக் காசாம், எல்லாரும் போடுகிறார்கள். அத்தானின் கை பழக்கத்தில் பொக்கற்றுக்குள் போனது. நூறு பிராங் தாள் ஒன்றை எடுத்து ரின்னுக்குள் வைத்து, மிச்சம் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஜோசியான் தாளை எடுத்தாள். "ஆளுக்கு ஏழு" என்றாள். அக்காவைக் காட்டி ஏழு, என்னைக் காட்டி, "படலைக்கும் ஏழு". அத்தானின் மண் அப்பின கையைப் பிடித்து விரித்து, மிச்சத்தை ஒவ்வொன்றாக எண்ணி உள்ளங்கையில் வைத்துப் பொத்திவிட்டாள்.

மூன்று பேருக்கும் சேர்த்து இருபத்தொரு பிராங்.